நில்லுங்க

அந்த அம்மாவை எல்லோரும் 'ம்ம் டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். அவர் டாக்டர் அல்ல, மனநல ஆலோசகர். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, எதிரெதிரே நாற்காலிகள், நடுவே காகிதக் கைக்குட்டை டப்பா. வருகிறவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். இவர் தலையை ஆட்டி "ம்ம்" என்பார். நேரம் முடிந்த பிறகும் பேசுவார்கள். அதற்கும் "ம்ம்"தான்.

உரிமத்தைப் புதுப்பிக்க ஏதாவதொரு பயிற்சிக்குப் போயாக வேண்டும். உடம்பு சொல்வதைக் கவனித்துச் சிகிச்சை தருவது பற்றிய பயிற்சியில்தான் இடம் இருந்தது. வாடகைக்கு எடுத்த நடனக்கூடம், சுவரெல்லாம் கண்ணாடி. வெறுங்காலோடு நின்ற பயிற்சியாளர் ஆளுக்கொரு ஜோடி சேர்த்துவிட்டார்.

"ஒருத்தர் நிப்பார், இன்னொருத்தர் அவர்கிட்ட மெதுவா நடந்து வருவார். போதும்னு உடம்பு சொல்றப்ப நிக்கிறவர் 'நில்லுங்க'ன்னு சொல்லணும். மனசு சொல்றதக் கேக்காதீங்க."

இவருக்கு வாய்த்தவர் கணவன் மனைவி சண்டைகளைத் தீர்த்து வைக்கும் ஆலோசகர். ஆள் பனைமரம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அவர் பக்கத்தில் வர வர, இவருக்கு வயிற்றைப் பிசைந்தது. வாயைத் திறந்தார்.

"ம்ம்" என்று வந்தது.

அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இவர் பின்னால் நகர்ந்தார். கண்ணாடி முதுகில் இடித்தது. அப்படியே அதை ஒட்டி நழுவி வாசலுக்கு வந்து, வராந்தாவைக் கடந்து, திறந்திருந்த லிஃப்டுக்குள் ஏறிவிட்டார். பனைமரமும் ஏறியது. உள்ளே பார்சல் கொண்டுவந்த ஒருவர் நின்றிருந்தார்.

"எந்த மாடிங்க?"

"தெரியல" என்றார் இவர்.

"இன்னும் கிட்ட வரணுமா மேடம்?" என்று பனைமரம் பணிவாகக் கேட்டது.

"உங்க இஷ்டம்."

கூடத்துக்குத் திரும்பியதும் பயிற்சியாளர் கேட்டார். "உடம்புல எங்க உணர்ந்தீங்க?"

"வயித்துல."

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்று சொல்லிவிட்டு அவரே திகைத்தார். கூடமே சிரித்தது. அவர் மட்டும் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

கணவரின் அக்கா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். தம்பி வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் உண்டு. அன்று சாயங்காலமும் தானாகவே திறந்துகொண்டு வந்து, சமையலறை அலமாரிப் பாத்திரங்களை இடம் மாற்றியபடி மாடிவீட்டுக்காரியைத் திட்ட ஆரம்பித்தார். பேசிக்கொண்டே நெருங்கினார். இவர் முதுகு ஃப்ரிட்ஜில் முட்டியது. வயிறு பிசைந்தது.

கை தானாக உயர்ந்தது. "நில்லுங்க அண்ணி."

ஹாலில் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"ஏம்மா, அடுப்பு சுடுதா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. கொஞ்ச நேரம் நான் தனியா இருக்கணும்."

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். "அக்காவுக்குக் கோவம் வந்துருக்கும்" என்றார் கணவர். இவருக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் அழைப்புமணி அடித்தது. வாசலில் அண்ணி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"உள்ள வரலாமா?" அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

இவர் ஒரு நிமிடம் வயிற்றைக் கவனித்தார். அது சும்மா இருந்தது.

"வாங்க அண்ணி."

அண்ணி உட்கார்ந்தார். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை எங்க மாமியார் வர்றாங்க. அந்தக் கைய எவ்வளவு உயரம் தூக்கணும்? ஒரு தடவை காட்டேன்."