வாயை மட்டும் அசை

செய்தி வந்தபோது நான் ஒரு கச்சேரியில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், திறந்தவெளி மைதானம், மேடையில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். நம் பாடகர் குழு ரீட்டா போனில் அனுப்பியிருந்தாள்: "பிலோ அக்கா போய்ட்டாங்க. சீக்கிரம் வா." படித்துவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உடனே கிளம்பவில்லை. மூன்று பாட்டு கேட்டேன். மூன்றாவது நான் வெகுநாளாகக் காத்திருந்த பாட்டு. அது முடிந்த பிறகுதான் எழுந்து ராயபுரத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். குழுவில் நீங்கள் எல்லாரும் அன்பு, பொறுமை, தாயுள்ளம் என்று எழுதப்போகிறீர்கள். அது வேறு யாரோ ஒரு பிலோமினாவைப் பற்றியதாக இருக்கும். நம் அக்காவுக்குப் பொறுமை கிடையாது, வாயில் விஷம் இருந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் என்று பதினோரு வருடம் அதை வாங்கிக் குடித்தவன் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவர் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், கோயிலில் கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தியவர். நான் எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவன். முப்பத்திரண்டு வயதில் குழுவில் சேரப் போனேன். பாடச் சொன்னார். இரண்டு வரி பாடியதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா சவரி இது, டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கற மாதிரி கீது. ஆனா உசரமா கீற. பின்வரிசைல ஆம்பள ஆளுங்க பத்தல. வந்து நில்லு. வாயை மட்டும் அசை."

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் விளையாட்டு என்று நினைத்து, அடுத்த ஞாயிறு குரலெடுத்துப் பாடினேன். பாட்டின் நடுவில் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி. பதினோரு வருடம் சத்தமில்லாமல் பாடினேன். அதற்கும் திருத்தம் சொல்வார். "மூச்சையும் சேத்து எடுடா. ஒதடு மட்டும் ஆடினா முன்பெஞ்சுல கீறவனுக்குத் தெரிஞ்சிடும்." ஒரு கிறிஸ்துமஸ் பூசை முடிந்து என் அம்மா, என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசினாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் என்னைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார்.

காசிமேட்டுக் கல்யாணம் உங்களுக்கு மறந்திருக்காது. பெண்ணின் தாய்மாமன், நற்கருணைப் பாட்டைத் தான்தான் தனியாகப் பாடுவேன் என்று அடம்பிடித்தார். அக்கா மறுக்கவில்லை. மனிதர் பல்லவியை ஒழுங்காகவே பாடினார். முதல் சரணத்தில் அக்கா கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டிச் சுருதியை ஒரு கட்டை ஏற்றினார். அவர் திணறி எப்படியோ எட்டிப் பிடித்தார். இரண்டாம் சரணத்தில் இன்னும் ஒரு கட்டை. குரல் உடைந்து, இருமல் வந்து, கல்யாணப் பெண்ணே தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் ஏன்க்கா இப்படி என்று கேட்டேன்.

"இனிமே எந்தக் கல்யாணத்துலயும் பாட மாட்டாரு பாரு. எத்தினி பேருக்குப் புண்ணியம்," என்றார்.

இவ்வளவு பேசியவர் பாடி நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. தன் கல்யாணத்துக்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடியவர் என்பது தெரியும். மேடை வேண்டாம் என்று கணவர் சொல்ல, நிறுத்தியிருக்கிறார். கணவர் போன பிறகு கீபோர்டோடு கோயிலுக்கு வந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவர் பாடிக் கேட்டவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். திருவொற்றியூர் குப்பத்தில் படகு வைத்திருந்த அந்தோணி மாமா.

"தேர்த் திருவிழாக் கச்சேரி. பாதியில கரண்டு போச்சு. மைக் இல்ல, லைட் இல்ல. பாட்டுக்காரனுங்க எல்லாம் கைய கட்டிகினு நின்னுட்டானுங்க. பிலோ மட்டும் நிறுத்தல. நானு கடைசில, கட்டுமரத்து மேல குந்திகினு கீறேன். என் காதாண்ட வந்து சொல்ற மாதிரி கேட்டுச்சு நைனா." இதைச் சொல்லும்போது மாமா காதைத் தொட்டுக் காட்டுவார். அந்தக் கச்சேரி நடந்தபோது எனக்கு மூன்று வயது.

நான் கச்சேரிப் பைத்தியம். சம்பளத்தில் பாதியை நுழைவுச்சீட்டில் விட்டவன். பார்க்காமல் விட்டவர்கள் பட்டியலும் மனசில் உண்டு. ஒரு நாகஸ்வரக்காரரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அடுத்த வருடம் அவர் இல்லை. ஒரு பாடகிக்குச் சீட்டு வாங்கிவைத்தேன், மழையில் சடையங்குப்பம் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர், யார்டை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் முதல் பெயர் பிலோ அக்காதான். மற்றவர்கள் குரலாவது பதிவில் இருக்கிறது.

ஒரு பெரிய கச்சேரிக்குப் போய்வந்து, கூட்டமே சேர்ந்து பாடியது என்று அவரிடம் பெருமையடித்தேன். "அப்ப பாடகரு இன்னா பண்ணாரு? காசு குடுத்துப் போய், பக்கத்துல கீறவன் கத்தறதக் கேட்டுகினு வந்திருக்க," என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் ஒரு தரம் பாடுங்கள், நான் ஏன் அங்கே போகிறேன் என்றேன். அக்கா கீபோர்டின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினார்.

"உனுக்கு ஒரு நாள் பாடறேன். அன்னிக்கு மூடிகினு கேளு."

அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் குழுவில் கிடந்தேன். இல்லையென்றால் எவன் பதினோரு வருடம் ஊமையாக நிற்பான்?

பிறகு அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கீபோர்டு ரீட்டாவிடம் போனது. பாடத் தெரியாதவனுக்கு வேறு என்ன வேலை என்று என்னைக் குழுப் பொறுப்பாளன் ஆக்கினீர்கள். போன வருடத் திருவிழாப் பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்ட முடிவானது. ஒத்திகையில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெரிய ஆள்போல உட்கார்ந்திருந்தேன். அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, பின்வரிசையில், என் பழைய இடத்தில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியில் ஹெட்போனில் ஒரு கீறல் விழுந்த குரல் வந்தது. மற்ற எல்லாக் குரலையும் தாண்டி வந்தது.

நேரலை கெட்டுவிடும் என்பது ஒன்றே நினைப்பில் இருக்க, எழுந்து போனேன். அவர் தோளில் கை வைத்தேன். உங்கள் எல்லார் எதிரிலும் சொன்னேன்.

"அக்கா, வாயை மட்டும் அசைங்க."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு இனித்தது, பொய் சொல்லவில்லை. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "சரிடா," என்றார். மறுநாள் பூசை முழுக்க அப்படியே செய்தார். மூச்சைக்கூடச் சரியான இடத்தில் எடுத்தார்.

பூசை முடிந்து அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, "கரெக்டா அசைச்சேனா?" என்றார். சூப்பர் அக்கா என்றேன். "உனுக்கு ஒரு நாள் பாடறேன்னு சொன்னேன்ல. அத்த முடிச்சிடலாம்னுதான் வந்தேன். நீ வுடல," என்றார். ஆட்டோக்காரரிடம் போகலாம் என்று கை காட்டிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சினேன், அழுதேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டினார். பிறகு பாடினார். பல்லவி, இரண்டு சரணம், மறுபடியும் பல்லவி. மூச்சு இருந்தது, தாளம் போட்ட விரல் இருந்தது, கண் மூடியிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "எப்பிடி?" என்றார். அவ்வளவு கொடுமைக்காரி. நான்கு மாதம் கழித்துச் செத்துப்போனார்.

அன்று மைதானத்தில் நான் ஏன் எழுந்து வரவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடி வந்து கேட்க இனி ஒன்றும் இல்லை என்ற கோபம்.

முப்பதாம் நாள் பூசையில் பாட, அக்காவுக்குப் பிடித்த பாட்டைச் சொல்லு என்று ரீட்டா கேட்கிறாள். அவர் எனக்காகப் பாடிய பாட்டு எது என்று எனக்கே தெரியாது. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக அந்த உதடுகளுக்குப் பொருத்திப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. ஆனால் எங்கே உதடு குவிந்தது, எங்கே மூச்சு எடுத்தார் என்பது கடைசி வரைக்கும் எனக்கு மனப்பாடம். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நீங்கள் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடுங்கள். நான் பின்வரிசையில் நின்று அக்கா அசைத்ததையே அசைப்பேன்.