நாலு பக்கமும் கண்ணடித்த வண்டி

என் சித்தப்பா வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். தெருவில் அவருக்குப் பெயர் 'எரியுதா'. சுவிட்ச் போர்டு பக்கம் நின்றுகொண்டு, உள்ளறையில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் அவர் கேட்கிற கேள்வி நாலு வீடு தாண்டிக் கேட்கும். மற்றபடி அதிகம் பேசமாட்டார்.

காலையில் சித்தியைத் தையல் கம்பெனியில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். வீட்டில் இருவருக்கும் பேச நேரம் வாய்ப்பதில்லை. சாப்பிட்ட கையோடு சித்தப்பா டிவி முன்னால் தூங்கிவிடுவார். சித்திக்கு அடுப்படி, துவைத்த துணி, மறுநாள் சாப்பாட்டு டப்பா. பேச்செல்லாம் வண்டியில்தான். வாடகை வீட்டை மாற்றுவது, சித்தியின் அண்ணனோடு மறுபடி ராசியாவது, வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த என்னை வீட்டில் தங்க வைத்துக்கொள்வது எல்லாமே அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் மேல்தான் முடிவாயினவாம். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போனால் சண்டை வராது என்பது சித்தியின் கட்சி.

அந்த வண்டியின் இண்டிகேட்டர்கள் பேருக்குத்தான் எரிந்தன. மஞ்சள் மூடி வெளுத்து, உள்ளே பல்பு சோம்பலாக மினுக்கும். வெயிலில் சுத்தமாகத் தெரியாது. அதனால் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் சித்தி பின்னாலிருந்து கையை முழுதாக நீட்டிவிடுவாள். "அது எரியுதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பின்னாடி வர்றவனுக்குத் தெரிய வேணாமா?" என்பாள்.

இந்த வருடம் சித்தியின் அந்த வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. கையை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையை நீட்டாமல் வண்டியில் உட்காரச் சித்திக்குப் பயம். கம்பெனி வேன் நம் தெருமுனை வழியாகத்தான் போகிறது, திங்கட்கிழமை பேர் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா "சரி" என்றார். அன்றைக்கு டிவி ஓடிக்கொண்டே இருந்தது, அவர் தூங்கவில்லை.

மறுநாள் உதிரிபாகக் கடையிலிருந்து நான்கு எல்இடி பல்புகளை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டு மின்சாரத்தையே அடக்கி ஆண்டவருக்கு இந்தப் பன்னிரண்டு வோல்ட் எம்மாத்திரம்? மூடிகளைக் கழற்றிப் பழைய பல்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார். சித்தியைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

"எரியுதா?"

எரிந்தது, ஆனால் கடகடவென்று துடித்தது. வண்டிக்கு என்ன இப்படிப் படபடப்பு என்று பக்கத்து வீட்டுத் தச்சர் சுவருக்கு அப்பாலிருந்து விசாரித்தார். எல்இடி இழுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். அதனால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கிற பழைய பிளாஷர், ஏதோ பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவசர அவசரமாக அடிக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்லி வேறு பிளாஷர் கொடுத்தார். அதை மாட்டியதும் துடிப்பு நின்று நிதானமாக எரிய ஆரம்பித்தது. ஆனால் இடது பக்கம் போட்டால் நான்கும் எரிந்தன. வலது பக்கம் போட்டாலும் நான்கும் எரிந்தன.

"இப்ப பின்னாடி வர்றவன், நாம எந்தப் பக்கம் வேணா போவோம்னு முடிவு பண்ணிக்குவான்," என்றாள் சித்தி.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சுவிட்சைப் போட்டால் வேறொரு விளக்கும் சேர்ந்து எரிந்தால், வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான்: எங்கோ இரண்டு வயர்கள் தோல் உரிந்து தொட்டுக்கொண்டிருக்கின்றன. அப்படித்தான் அவருக்குப் பழக்கம். சீட்டைக் கழற்றினார், டாங்கை இறக்கினார், வயர்க்கட்டின் டேப்பை முழுக்கப் பிரித்தார். வண்டி தோலுரித்த மாதிரி வாசலில் நின்றது. ஒரு வயர்கூட உரிந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமும் போய்விட்டது. அவர் சாப்பிட உள்ளே வரவில்லை. சித்தி தட்டை வாசலுக்கே எடுத்துப்போய் வைத்தாள்.

"விடுங்க. வேன்ல போனா என்ன, காசா பணமா? கம்பெனி வேன்தானே."

அவர் இடது இண்டிகேட்டரைப் போட்டபடியே மீட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். இண்டிகேட்டர் போட்டிருப்பதை ஓட்டுகிறவருக்குக் காட்ட மீட்டரில் ஒரு குட்டி விளக்கு உண்டு. இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். இழுத்த இழுப்பில் அது ஹோல்டரோடு கழன்று தொங்கியது.

"இப்ப எடது மட்டும்தான் எரியுது," என்றாள் சித்தி பின்னாலிருந்து.

அவர் நம்பாமல் எழுந்துபோய்ப் பார்த்தார். குட்டி விளக்கைத் திரும்ப மாட்டினால் நான்கும் எரிந்தன. எடுத்தால் ஒரு பக்கம். அந்த விளக்கு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் பாலம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் வழியே அடுத்த பக்கத்துக்குக் கசிகிற மின்சாரத்தைப் பழைய பல்புகள் சட்டை செய்ததில்லை. புதியவற்றுக்கு அந்தத் துளியே போதும். சித்தப்பா தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

குட்டி விளக்கு இல்லாமலே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். சித்தி தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. திரும்பி வந்தவளுக்கு வேறு கவலை.

"போட்டிருக்கீங்களா அணைச்சிருக்கீங்களான்னு இனிமே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"விளக்கு இருக்கும்போதே அணைக்க மறக்கிற ஆளு."

"ஆமா." அவர் கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "பின்னாடி ஒருத்தர் இருந்தா சொல்லலாம். கையெல்லாம் நீட்ட வேண்டாம். சும்மா முதுகுல தட்டினா போதும்."

சித்தி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, அவள் வண்டியின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தினமும் திருப்பம் தாண்டியதும் இடது கையால் அவர் முதுகில் ஒரு தட்டு. கம்பெனி வாசலில் அவளை இறக்கிவிட்ட பிறகு அவர் எத்தனை தெரு கண்ணடித்துக்கொண்டே போகிறாரோ, தெரியாது.

போன வாரம் அந்தக் கடைப்பக்கம் போனபோது கடைக்காரர் என்னிடம், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோடு இரண்டு வாங்கிப் போட்டால் மீட்டர் விளக்கையும் ஒழுங்காக எரிய வைக்கலாம் என்றார். வந்து சித்தப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்மா," என்றார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுக்கு என்ன அவசரம்."