சுவருக்கு அந்தப் பக்கத்துப் படம்

எந்தப் படம் ஓடினாலும் சரி, மனதுக்குப் பிடித்த வசனம் வந்தால் அவளுடைய கால் தையல் மெஷினின் பெடலை விட்டு எழும்பிவிடும். வசனம் முடிந்த பிறகுதான் ஊசி மறுபடி ஓடும். பல வருடங்களாகவே இப்படித்தான்.

தையல் கடைக்கும் தியேட்டருக்கும் நடுவே ஒரே சுவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தச் சுவரோரமாய் உட்கார்ந்தவள் அவள். வருவதும் போவதும் தெரியாது என்பதால் கடையை நடத்தும் தையல் மாஸ்டர் அவளைப் பூனை என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். ஆனால் தியேட்டருக்குள் போகாமலே படங்களையெல்லாம் காதாலேயே பார்த்து முடித்திருந்தாள். ஒரு பேய்ப்படம் அவளுக்குப் பிடிக்கும். பேய் வருவதற்கு முன்னால் அத்தனை கூட்டமும் மூச்சை அடக்கிக்கொள்ளுமே, அதற்காக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் இருந்தது. அதில் ஒருவன் கத்திக்கொண்டே இருப்பான். இன்னொருவன் அடித்தொண்டையில், அவசரமில்லாமல் பேசுவான். அவன் பேசினால் பின்னணி இசைகூட நின்றுவிடும். கத்துகிறவன் வில்லன், மெதுவாகப் பேசுகிறவன் ஹீரோ என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். தியேட்டர் வாசலில் கட்டியிருந்த பேனரின் பெரிய முகத்தை அந்தக் குரலுக்குப் பொருத்தியும் வைத்திருந்தாள்.

அந்தப் படத்தை இந்த வருடம் மறுபடி வெளியிட்டார்கள். கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அண்ணியிடம், அதாவது அவளுடைய அண்ணன் மனைவியிடம், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணி, இதுக்குப் போலாமா?"

அண்ணி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். பூனை வாயைத் திறந்து ஒன்று கேட்டபிறகு கடையைத் திறந்து வைத்திருந்தால் விளங்காது என்று சொல்லி, மாஸ்டர் ஷட்டரை இழுத்துவிட்டுத் தானும் கிளம்பினார்.

இது எனக்குப் பிடிக்கும் என்று ஜென்மத்தில் முதல் தடவையாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டால் இனி எதையுமே சொல்ல மாட்டாள், அது அவளுக்கே தெரியும்.

படம் தொடங்கியது. பேனரில் இருந்த பெரிய முகம் வந்தது, வந்ததுமே கத்தியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரத்தில், ஒரு பழைய கிடங்கில், கட்டிப்போட்ட ஒருவனுக்கு எதிரே ஒல்லியான வழுக்கைத் தலை ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"முதல்ல சாப்பிடு. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

அதே குரல். அவள் கால் தானாக எழும்பியது.

"இந்தப் படுபாவியா உன் ஆளு?" என்று அந்தக் காலைக் கவனித்துவிட்ட அண்ணி காதருகே கேட்டாள்.

கடைசியில் ஒரு வெடிச் சத்தம் கேட்கும், அதன்பிறகு அந்தக் குரல் வராது, கைதட்டல்தான் வரும். சந்தோஷத்தில் ஹீரோவுக்குப் பேச்சே வரவில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இப்போதுதான் கண்ணால் கண்டாள், ஆள் செத்தே போய்விட்டான். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது.

வாசலுக்கு வந்ததும் மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவினார். அவள் சுருண்டுபோவாள் என்றுதான் அண்ணி பயந்தாள். ஆனால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாரும் கத்துறாங்க மாஸ்டர். இந்த ஆளு வாயைத் திறந்தா மட்டும் அந்த ஹீரோவே நின்னு கேக்கறான். சத்தம் போடாமலே ஒருத்தர் பேச்சு எடுபடும்னு எனக்குக் காட்டினது இந்த ஆளுதான். கெட்டவனா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"ஏம்மா, ஆளைக் கட்டிப்போட்டுல்ல சாப்பிடச் சொல்றான்?"

"ஒரு கையை அவுத்து விட்டானே, நீங்க பாக்கலியா?"

டிக்கெட் கிழிப்பவர் ஹீரோவுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தார். அவள் அவரையும் விடவில்லை. கிடங்கு காட்சியில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடுத்த காட்சிக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. கடைசியில், வில்லன் இல்லாவிட்டால் படம் சப்பென்று இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இப்போது படம் மாறும் நாளில் கடை மதியத்தோடு மூடிவிடுகிறது. மூன்று பேரும் போகிறார்கள். படம் விட்டு வெளியே வந்ததும் அதிகம் பேசுவது அவள்தான். அவளுக்கு மிகவும் பிடித்த படம் இன்னும் அதே படம்தான். அதன் ஹீரோவை மட்டும் சுத்தமாகப் பிடிக்காது.