மடிப்புக்குள் இருந்த துண்டு

தையற்காரிக்கு ஊசி எவ்வளவு கூர்மையோ வாய் அவ்வளவு நீளம். சபையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு தைப்பவள் அவள்தான். உடுப்போடு ஊர்க்கதையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறந்ததில்லை.

அது இதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அடுத்தது பிறந்தால், போன பிள்ளையின் துணியில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு வந்து, புது உடுப்பின் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைக்கச் சொல்வாள். மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளுமாம். வேதத்தில் எங்கேயும் இப்படி இல்லை. போதகருக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். போதகரின் மனைவியும் அப்படி ஒரு துண்டோடு வந்தவள்தான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மானிடவியல் படிக்கிறாளாம். ஜனங்கள் கிறிஸ்தவத்தைத் தங்கள் பழக்கவழக்கங்களோடு எப்படிச் சேர்த்து வாழ்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறாளாம். நல்ல பெண். மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, எதற்கும் சிரிக்காமல், எதையும் தப்பு என்று சொல்லாமல் கேட்டாள். அப்படிக் கேட்க ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? தையற்காரி துண்டுக் கதையைக் கொட்டிவிட்டாள். யார் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும் முன், கேட்டதைச் சொன்னவர்களிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுவது அவர்கள் படிப்பில் மரியாதையாம். ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று துண்டுக் கதையைச் சொன்னாள். பேர் சொல்லவில்லை, "ஒரு தையல்கார அம்மா" என்றுதான் சொன்னாள். புண்ணியவதி, அந்தச் சபையில் எத்தனை தையற்காரி இருப்பதாக நினைத்தாளோ! பெஞ்சுகளில் ஒரு பெண்ணும் நிமிரவில்லை. முதலில் கைதட்டியவர் போதகர்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். பின்னால் மனைவி. மேஜைமேல் ஒரு சின்ன வெள்ளை உடுப்பை விரித்தார். அவர்களுடைய இளைய மகனுடையது.

"இதைப் பிரிங்கம்மா."

"ஐயா, பழைய துணி. பிரிச்சா கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். என் வீட்ல ஒண்ணும் இல்லைன்னு காட்டினாத்தான் மத்தவங்களை நான் கேக்க முடியும்."

மனுஷன் சந்தேகப்பட்டு வரவில்லை, மனைவியை நம்பி வந்திருக்கிறார். அதுதான் தையற்காரிக்கு அதிக பயமாக இருந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால் மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். போதகர் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

தையல் ஒவ்வொன்றாக விட்டது. மஞ்சள் கம்பளித் துண்டு ஒன்று மேஜையில் விழுந்தது.

அவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூத்தவனை அந்தக் கம்பளியில் சுற்றிச் சவப்பெட்டிக்குள் வைத்தவரே அவர்தான். மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை. இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, துண்டைக் கங்கில் போட்டு மூடினார். கம்பளி கருகும் நாற்றம் கடையெல்லாம் பரவியது.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் பிள்ளைங்க உடுப்பைக் கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி போகவில்லை. தையற்காரி பிரித்த உடுப்பை எடுத்து மடித்தாள்.

"வேற துண்டு கொண்டாங்கம்மா. யாருக்கும் தெரியாம வெச்சுத் தச்சுடறேன்."

"வேற துண்டு ஏது? மிச்சமெல்லாம் அவன்கூடவே போயிடுச்சு." அவள் அழக்கூட இல்லை. "சின்னவனுக்கு நேத்துலேர்ந்து ஒடம்பு கொதிக்குது. நீங்க பேசாம இருந்திருக்கலாம்க்கா."