இரண்டு விளக்கு, ஒரு வீடு

வாமதேவனுக்கு லண்டனில் ஒரு மியூசியத்தில் காவல் வேலை. ஆறு வருடமாக அவர் நிற்பது, வடதுருவப் பக்கத்து இனுவிட் மக்களின் பனிவீட்டு மாதிரிக்கு முன்னால். பனி என்று பேர்தான், எல்லாம் பிளாஸ்டிக். உள்ளே ஒரே மேடையில் இரண்டு குடும்பத்துப் பொம்மைகள் தோல் போர்த்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கல்விளக்கு, வீட்டுக்காரி ஒவ்வொருத்திக்கும் ஒன்று. சமையல், குளிர்காய்தல், காலில் போட்ட ஈரச் சப்பாத்தை உலர்த்துதல் எல்லாம் அதில்தான். சுடர் கூடினால் கூரை ஒழுகும். குறைந்தால் எல்லாரும் விறைக்க வேண்டியதுதான். அதனால் ஒருத்தியின் விளக்கில் மற்றவள் கை வைப்பதில்லை. இதையெல்லாம் வாமதேவன் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

வெம்பிளியில் அவர் வீட்டிலும் இரண்டு குடும்பம். அவரும் மனைவி நாகேஸ்வரியும். தம்பி றமணனும் அவன் மனைவி இம்மாகுலேற்றும். பிரான்சிலிருந்து வந்து பதினொரு வருடமாக ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அடுப்பு ஒன்று. இம்மாகுலேற் கறியை வைத்துவிட்டு அங்கால் போனால் நாகேஸ்வரி வந்து நெருப்பைக் குறைப்பாள். நாகேஸ்வரியின் பருப்புக்கு இம்மாகுலேற் கூட்டிவிடுவாள். கறி வேகாது, பருப்பு அடிப்பிடிக்கும். போன மாதம் வாய்ச்சண்டை முற்றி இம்மாகுலேற் சட்டன் என்ற இடத்தில் வீடு பார்த்துவிட்டாள். அது லண்டனின் மற்றத் தொங்கல், போய்வர நெடுந்தூரம். தம்பி இல்லாத வீட்டை நினைத்தாலே வாமதேவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் பனிவீட்டில் இருந்தது. ஆறு வருடம் சும்மாவா நின்றார்? ஒரு சனிக்கிழமை புது மின்சார அடுப்பொன்று வாங்கிவந்து, குசினியின் எதிர்ப்பக்கத்தில் வைத்து, பிளக்கும் போட்டுவிட்டார்.

இரண்டு பெண்களும் வந்து பார்த்தார்கள்.

"இது ஆருக்கு?" என்றாள் நாகேஸ்வரி.

"ஆரெண்டாலும் எடுக்கலாம்," என்றார் வாமதேவன்.

ஒருத்தியும் எடுக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து றமணன் சிரித்த முகத்தோடு வந்தான். "அண்ணை, சட்டன் வீடு வேண்டாமெண்டு இப்பதான் போன் பண்ணிச் சொல்லிப்போட்டு வாறன். உங்களை விட்டிட்டு என்னால இருக்க ஏலாது." சொல்லிக்கொண்டே புது அடுப்பைக் கண்டான்.

வாமதேவன் அவசரமாகப் பனிவீட்டைப் பற்றிச் சொன்னார். றமணன் கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டான்.

"அது அவையளுக்குச் சரி, அண்ணை. எங்கட ஆக்கள் எப்ப ரெண்டாவது அடுப்பு வைக்கிறவை?"

 அடுப்பைப் பிரித்தால் குடும்பத்தைப் பிரித்தாயிற்று என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பனிவீட்டு நினைப்பில் வாமதேவன் அதை அடியோடு மறந்துபோனார்.

"போங்கோ எண்டு வாயால சொல்லியிருக்கலாம்," என்றான் றமணன். பிறகு சட்டன் வீட்டுக்காரருக்குத் திரும்பவும் போன் எடுத்தான்.

"ஓம், வீடு இருக்கோ? நாங்கள் வாறம்."