திங்கட்கிழமைக்கு ஊறப்போட்ட கடலை

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. மைசூரில், ஒற்றை அறை வாடகை வீட்டில், என் வீட்டுக்காரர் சிமெண்டு மூட்டையின் காகிதத்தைக் கிழித்துத் தரையில் விரித்து, தச்சுப் பென்சிலால் ஒரு வயலைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷம் மேஸ்திரியாக இருந்தவருக்கு எதையும் வீட்டு பிளான் மாதிரிதான் போட வரும். நடுவில் கொண்டைக்கடலை. சுற்றிலும் ஓரத்தில் எண்ணெய்க்கு ஆகிற குசும்பாச் செடி இரண்டு சால். அதில் முள் இருப்பதால் மாடு உள்ளே வராது. ஊடே அங்கங்கே கொத்தமல்லி.

"தலவாசல எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கெழக்க பாத்துத்தான் புள்ள. உனக்கு அடுப்படியும் வேணுமா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன ஐப்பசியில் சாரத்திலிருந்து விழுந்ததில் வலது தோள் போயிற்று. கை தோளுக்கு மேல் எழும்பாது. கை எழும்பாத மேஸ்திரியை யார் கூப்பிடுவார்கள்? தினமும் காலையில் ஆள் எடுக்கிற இடத்தில் போய் நிற்பார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வார். பேச்சே நின்றுவிட்டது. நான் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போவேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

அப்போதுதான் நஞ்சன்கூட்டைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு கௌடர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய வீட்டை இவர்தான் கட்டிக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் பெங்களூர் போய்விட்டார்கள், இரண்டு ஏக்கர் கரிசல் சும்மா கிடக்கிறது. மழைக்காலப் பயிர் முடிந்து பனிக்காலத்துக்கு விதைப்பதை அந்தப் பக்கத்தில் ஹிங்காரு என்பார்கள். "விவசாயி மகன் என்று சொல்வாயே, இந்த ஒரு ஹிங்காரு செய்து காட்டு. நன்றாக வந்தால் நிலம் உன்னிடமே இருக்கட்டும். விதை என்னுடையது, பாடு உன்னுடையது, விளைச்சல் பாதிப்பாதி" என்றார். வீட்டில் எடுத்து வைத்திருந்த விதைக்கடலை முழுவதையும் அள்ளிக் கொடுத்தார். நிலத்துக் கொட்டகை ஒழுகியதால் அந்த மூட்டையை மைசூருக்குக் கொண்டு வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எத்தனை சால் ஓடும், பூ பிடிக்கும்போது பனி எப்படி இருக்கும் என்று சோற்றுத் தட்டின் முன்னாலும் இதே கதைதான். நான் சாயங்காலங்களில் உட்கார்ந்து விதையைப் புடைத்து, வண்டு துளைத்ததைப் பொறுக்கித் தள்ளினேன். கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்றில் மட்டும் சண்டை. நான் பிறந்தது கர்நாடகத்தில், ஹனூர்ப் பக்கம். ஈரம் குறைந்துகொண்டே வரும் நிலத்தில் விதைப்பதென்றால் விதையை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்திப் போடுவார்கள். சீக்கிரம் முளை கட்டும். இதைச் சொன்னேன்.

"வேண்டாம் புள்ள. காஞ்ச வெதன்னா பத்து நாளானாலும் பொறுத்துக்கும். ஊறப்போட்டுட்டா நம்ம பேச்சக் கேக்காது. நாள் தெரிஞ்சாத்தான் அதெல்லாம்" என்றார்.

"ஆமா, நீங்க கல்லு மண்ணு கொழச்சவரு, உங்களுக்கு எல்லாந் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அவர் மறுபடி காகிதத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை நின்றது. கரிசலில் மழை நின்று மேல்மண் லேசாக உலர்ந்து, கால் வைத்தால் ஒட்டாமல் இருக்கிற நாலைந்து நாள்தான் விதைப்புக்கு. முன்னால் இறங்கினால் சேறு, பின்னால் இறங்கினால் கல். அவர் களை எடுக்கவும் மண்ணைப் பார்க்கவும் முன்கூட்டியே போய்க் கொட்டகையில் தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த ஊரிலிருந்து எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் பெண் சொன்னாள்: "மண்ணு பதமாயிடுச்சாம். வெதைய எடுத்துட்டு வரச் சொன்னாருக்கா."

எந்தக் கிழமை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? ஞாயிறு லீவு, திங்கள் வேலை. பதினான்கு வருஷமாக என் வீட்டில் வாரம் என்றால் அதுதான். சாயங்காலமே இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து மூட்டை முழுவதையும் கொட்டினேன். மறுநாள் முளை கட்டப்போகிற விதையைப் பார்த்ததும் இந்த மனுஷன் என் புத்தியை மெச்சுவார் என்று ஒரு நினைப்பு வேறு.

காலையில் வடித்து இரண்டு சாக்கில் கட்டினேன். ஊறி இரண்டு மடங்கு கனம். முதல் பஸ்ஸின் மேலே ஏற்ற கண்டக்டரோடு ஒரு சண்டை, ஜன்னலோரம் சொட்டுகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களோடு ஒரு சண்டை. எல்லாச் சண்டையிலும் ஜெயித்துக்கொண்டே போனேன். நஞ்சன்கூட்டுச் சிவன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை நிறைத்திருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிராமத்துக்குள் நுழையும்போது பார்த்தேன். எல்லா மாடுகளும் கழுவி, நெற்றியில் விபூதி பூசி, தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டு நின்றன. ஒரு ஏர் கூட வெளியே இல்லை. திங்கட்கிழமை பசவனின், அதாவது சிவனுடைய நந்தியின் நாள். அன்று மாட்டின் கழுத்தில் நுகம் வைக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என் பிறந்த ஊரிலும் இதேதான். சின்ன வயதில் திங்கட்கிழமை மாட்டுக்குப் பொட்டு வைத்தவள் நான். பட்டணத்துக்கு வந்த பதினான்கு வருஷத்தில் அது எப்படி என்னைவிட்டுப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். சாக்கைத் தொட்டார். கை ஈரமாயிற்று. முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கித்தான புள்ள ஏரு. இன்னிக்கி வெதைய கொண்டாந்து வெச்சாப் போதும்னுதான சொல்லியுட்டேன்."

"நாளைக்கிப் போடலாமுங்க. ஒரு நாள்ல என்ன ஆயிரும்?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவர் கிழக்கே பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போனோம். ஒரே ஒரு ஜோடி மாடு, ஒரே ஒரு மத்தியானத்துக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினோம். ஒருவரும் கோபப்படவில்லை, கதவைச் சாத்தவில்லை. "இன்று ஆகாதம்மா, நாளை கோழி கூவும் முன்னே வருகிறோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பைக் கேட்கும்போது காலில் விழுந்து கதறலாம் போல இருந்தது.

பிறகு நாங்களே இறங்கினோம். கடப்பாரையால் நான் குழி போட, அவர் இடது கையால் இரண்டிரண்டு கடலையாகப் போட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டு ஏக்கர். மாடு இழுத்தால் ஒரு பொழுது வேலை. நாங்கள் குனிந்த தலை நிமிராமல் செய்து ஒன்பது சால் முடித்தோம். பத்தாவது சாலில் முதல் துளி என் முதுகில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. மழை வலுத்து, குழியில் தண்ணீர் நின்று, போட்ட கடலை மேலே மிதந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. செம்மண்ணாக இருந்தால் மறுநாளே ஏர் இறங்கும். கரிசலில் முழங்கால் புதைகிறது. கொட்டகையில் ஒழுகாத ஒரு மூலையில் சாக்கை விரித்துக் கடலையைப் பரப்பினோம், கிளறினோம், விசிறினோம். செவ்வாய்க்கிழமை முளை எட்டிப் பார்த்தது. புதன்கிழமை விரல் நீளம். குவியலுக்குள் கை விட்டால் காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. வியாழக்கிழமை புளித்த நாற்றம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியவள் நான், சிதறியது அவர். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கொட்டகையில் தொங்கிய பழைய மாட்டுக் கயிறுகளை நான் எண்ண ஆரம்பித்தேன்.

மழை விட்டு மண் மறுபடி பதத்துக்கு வந்தபோது, சுற்றியிருந்த நிலத்துக்காரர்கள் எல்லாம் உலர்ந்த விதையை எடுத்துவந்து விதைத்தார்கள். எங்கள் நிலம் மட்டும் வெறுமனே கிடந்தது. அன்று காலை கௌடர் வந்தார். அழுகிய குவியலைக் கம்பால் புரட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. யார் ஊறப்போட்டது என்று மட்டும் கேட்டார்.

"நானே" என்றார் என் வீட்டுக்காரர், கன்னடத்தில். "நானே ஹாக்கித்து, கௌட்ரே." நான்தான் போட்டேன் என்று.

கௌடர் கம்பைத் தரையில் ஊன்றினார். பிறகு கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: "உன் பெண்டாட்டி செய்திருந்தால் பட்டணத்துக்காரி, மறந்துவிட்டாள் என்று சிரித்துவிட்டு, எங்காவது அலைந்து இன்னொரு மூட்டை விதை வாங்கித் தந்திருப்பேன். நீ உழவன் வீட்டில் பிறந்தவன் என்றாய். திங்கட்கிழமையை மறந்தவன் கையில் நான் எப்படியப்பா நிலத்தைக் கொடுப்பேன்?"

கன்னடம் என் வீட்டுக்காரரைவிட எனக்கு நன்றாக வரும். கௌடர் சொன்னது ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஊறப்போட்டது நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் எங்களிடமே நின்றிருக்கும். என் வீட்டுக்காரர் தலைகுனிந்து என் பக்கமே திரும்பாமல் நின்றார், நான் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவா, சொல்ல மாட்டேனா என்று காத்துக்கொண்டா, தெரியாது. பஸ்ஸில் அத்தனை பேரோடும் வாயாடிக்கொண்டு வந்தவள் நான். அன்றைக்குப் பயந்துவிட்டேன். கௌடர் திரும்பி, வரப்பைக் கடந்து, ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் வாயைத் திறக்கவே இல்லை.