பதினொரு மென்பொருளும் ஒரு ரொட்டி டின்னும்

1. சிவப்புப் பட்டை

ஒரு நாள் காலையில் பார்த்தால், நான் போட்ட பட்டியலின் தலையில் சிவப்புப் பட்டை. இந்தப் பக்கத்தை நீக்கலாமா என்று ஏழு நாளுக்குள் கருத்துச் சொல்லவேண்டுமாம். முப்பது வருடம் ஈப்போவில் அச்சுக்கடைகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். எத்தனையோ முதலாளிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், ஒருவரும் சிவப்பில் எழுதி ஏசியதில்லை. கோபத்தில் தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம் அது. ஓய்வு பெற்றபின் அதன் தமிழ்ப் பக்கங்களில் எழுதிவருகிறேன். பேராக் மாநில அச்சுக்கடைகளில் புழங்கிய தமிழ் டைப்பிங் மென்பொருள்கள் என்று பதினொரு பெயர்களை ஞாபகத்திலிருந்து எடுத்துப் பட்டியல் போட்டேன். முதல் பெயர் 'கிந்தா எழுதி'. அதைச் செய்தவன் என் நெருங்கிய கூட்டாளி மணியம். தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றவன். இப்போது உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கிறான். பட்டியல் ஏறிய அன்று போன் செய்தான்.

"மச்சான், என் மருமகளுக்குக் காட்டிட்டேன். மாமா என்ன வேலதான் பாத்தீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்லா. இப்ப காட்ட ஒன்னு இருக்கு."

சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் பேச்சுதான்.

பட்டையைப் போட்டவர் கோகிலா. தஞ்சோங் ரம்புத்தானில் ஆசிரியை. கலைக்களஞ்சியத்தில் எழுதும் நாங்கள் நாலைந்து பேர் ஈப்போவில் கூடும்போது, பீசாங் கோரேங் என்ற பொரித்த வாழைப்பழத்தைப் பங்குபோட்டுச் சாப்பிடும் அதே கோகிலா. உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பதினொரு பேருல ஒன்னுக்காச்சும் ஆதாரம் இருக்கா? புக்குல, பேப்பர்ல எங்கயாச்சும் வந்திருக்கா?"

"நான்தாம்மா ஆதாரம். பாதிக் கடையில என் கையாலதான் ரிப்பேர் பாத்தேன்."

"அப்படிப் பாத்தா எல்லாரும் ஆதாரம்தான். இப்ப போயி பாருங்க. பன்னெண்டாவதா ஒருத்தரு அவரு கடை பேரைப் போட்டு வச்சிருக்காரு. ஏர்கானும் கழுவித் தரப்படும்னு எழுதியிருக்கு."

போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தது. என்னுடைய சரித்திரம் மூன்று வாரத்தில் ஏ.சி. கழுவும் கடையின் விளம்பரப் பலகையாகிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை.

"மெஷினையே காட்டுறேன். வந்து பாரு."

"நானும் வாரேன். போலாம்."

2. F9

சிம்பாங் பூலாயில் ராமையா அண்ணன் இன்னும் கல்யாணக் கார்டு அடிக்கிறார். பழைய மெஷினை எறியாத மனிதர். சுவிட்சைப் போட்டார். அது முக்கி முனகி எழுந்தது. திரையில் முருகன் படம், கீழே 'வேலவன் எழுதி' என்று பெயர். என் பட்டியலில் ஆறாவது.

"பாத்துக்க," என்றேன் கோகிலாவிடம். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது உண்மை.

எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்கப் கிந்தா எழுதியில் செய்த பழக்கதோஷத்தில் F9 பொத்தானை அழுத்தினேன். மாதிரிக்கு ஒரு வரி வந்தது:

'மரம் வெட்டப் போறேன். ரொட்டி டின்னுக்குள்ள இருக்கு. நாய உள்ள விடாத.'

"யாரோட நாயி அண்ணே?" என்றார் கோகிலா.

அது மணியத்தின் வரி. அவன் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது தினமும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது. கிந்தா எழுதியைச் செய்தபோது, சோதனை வரியாக இதைத்தான் வைத்தான்.

ராமையா அண்ணன் கூச்சமே படவில்லை. "அப்ப எல்லாரும் அப்படித்தான்லா. ஒரு காப்பி எடுப்போம், நம்ம சாமி படத்த வச்சி நம்ம பேரப் போட்டுக்குவோம். கேட்டா சொந்தமா செஞ்சதுன்னு சொல்லுவோம். உனக்குத் தெரியாதா?"

தெரியும். நானே இரண்டு கடைகளுக்கு அப்படிப் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டையும் பட்டியலில் சேர்க்காமல் நேர்மையாக இருந்ததாக நினைத்துக்கொண்டேன். மற்ற சர்வீஸ் ஆட்களும் இதே வேலையைச் செய்திருப்பார்கள் என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த மூன்று நாள் போனும் கையுமாக இருந்தேன். பழைய மெஷின் வைத்திருந்தவர்களை F9 அழுத்தச் சொன்னேன். பதினொன்றில் ஏழில் அதே ரொட்டி, அதே நாய். மூன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவை, அவற்றுக்கு ஆதாரத்தோடு தனித்தனிப் பக்கமே இருக்கிறது. மிச்சமிருந்த ஒன்றின் மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

3. நீக்கலாம்

ஏழாம் நாள் நானே எழுதினேன்: நீக்கலாம்.

கோகிலா கூப்பிட்டார். "கிந்தா எழுதியை மட்டும் வச்சிக்கலாமா அண்ணே? பாவமா இருக்கு."

எனக்கும் ஆசைதான். ஆனால் அச்சில் ஒரு வரி இல்லை. நான் கண்டுபிடித்ததை நானே எழுதினால், ஏர்கான் கழுவுகிறவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வேண்டாம் என்றேன்.

மணியத்திடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. தெலுக் இந்தானுக்கே போனேன். பட்டியல் போய்விட்டதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு F9 கதையைச் சொன்னேன்.

"ஏழு கடையிலயா?"

"ஏழு."

"எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மச்சான். ஏழு கடையில அது பேசியிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். பிறகு மருமகளைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். மென்பொருள் பட்டியல் கலைக்களஞ்சியத்தில் இருக்கலாம். ஆனால் பெயரை அடுக்குமுன், ஒவ்வொன்றையும் செய்தது யார், அது எதில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் முதலில் வேறெங்காவது பதியுங்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இந்தக் கட்டுரையைக் கேட்டபோது நான் சரி என்றது அதற்காகத்தான். நான் மணியத்தின் கூட்டாளி என்பதால் இதை நானே கொண்டுபோய்க் கலைக்களஞ்சியத்தில் சேர்க்கமாட்டேன். இது ஆதாரமாகப் போதுமா போதாதா என்பதைக் கோகிலா போன்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கிந்தா எழுதியைச் செய்தவர் தெலுக் இந்தான் மணியம். அதன் மாதிரி வரி அவருடைய அம்மா சொன்னது. நாயின் பெயர் கருப்பன்.